காற்றை உண்ணும் மின்கலம்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பண்டாரவளை மலைத்தோட்டங்களில் உப்பு நீர்விடும், தீக்குச்சி பற்றாது, லயத்துச் சுவரும் ஈரங்கொள்ளும். அவ்வீரத்தினால் கெடக்கூடிய பொருள்களுள் மிகச் சிறியது, செவிக்கருவிக்குள் இருக்கும் பொத்தான் போன்ற பற்றரி. வெப்பத்தோடும் ஈரத்தோடும் மனிதன் நடத்திய போராட்டமும் அதன் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகும்.

வால்வுகள் கொண்ட பழைய செவிக்கருவிக்கு இருவகைப் பற்றரிகள் தேவைப்பட்டன. ஒன்று வால்வின் இழையைச் சூடாக்கும். மற்றது இருபது வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தரும். இவை, 1866இல் பிரெஞ்சு நாட்டு லெக்லாஞ்சே அமைத்த கலத்தின் வழிவந்த நாகக் கரிக் கலங்கள். வெப்ப நாடுகளில் இவை பெட்டியில் இருக்கும்போதே வலுவிழந்தன.

இரண்டாம் உலகப் போரில் இக்குறை பெரிதாயிற்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த போர்க்களங்களில் வானொலிக் கருவிகள் ஊமையாயின. அதற்குப் பரிகாரமாக, 1942இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் பாதரசக் கலத்தை உருவாக்கினார். அது இறுதிவரை ஏறக்குறைய 1.35 வோல்ற்று அழுத்தத்தைத் தளராமல் தந்தது. 1947இல் திரான்சிஸ்டர் பிறந்தது. 1952இன் இறுதியில் அது செவிக்கருவியிலும் புகுந்தது. உயரழுத்தப் பற்றரி மறைந்தது. கருவியும் நாளடைவில் சட்டைப் பையிலிருந்து காதின் பின்புறத்துக்கு ஏறியது.

ஆனால் பாதரசம் நஞ்சன்றோ! யப்பானின் மினமாட்டா நகரம் பாதரசத்தால் அடைந்த துயரம் 1956இல் வெளிப்பட்டது. அந்நகரின் பெயர் தாங்கிய உலக உடன்படிக்கை 2013இல் எழுந்தது. அதற்கு முன்னரே, 1970களின் பிற்பகுதியில், நாகக் காற்றுக் கலம் செவிக்கருவிக்கு வந்துவிட்டது.

இதன் நுட்பம் எளிது. கலத்தின் உள்ளே பெரும்பகுதி நாகமே. மறுபாதிக்கு வேண்டிய பிராணவாயுவை வெளிக்காற்று தருகிறது. இடம் மிச்சமாவதால் ஆயுள் நீளுகிறது. மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளை ஒரு நிறத்தாள் மூடியிருக்கும். அதை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பின்னரே கருவியில் இடவேண்டும். மீண்டும் ஒட்டினாலும் தொடங்கிய வேலை நில்லாது. ஈரம் மிகுந்தால் கலம் நீரை உறிஞ்சும்; வறட்சி மிகுந்தால் உலரும். ஆகவே, தேவைப்படும் நாள்வரை தாளை உரிக்கலாகாது.

10ஆம் இலக்கத்துக்கு மஞ்சள், 312க்குக் கபிலம், 13க்குச் செம்மஞ்சள், 675க்கு நீலம் என நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இலக்கம் வாசிக்க அறியாத மூதாட்டிக்கும் நிறமே எழுத்தாகும். பழைய கலத்தைச் சிறுவர் கைக்கு எட்டவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிரட்டில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதவரை அசட்டைக்காரர் என்பதும், பேரனின் கேள்விக்கு விடை கூறாத பாட்டியை மூலையில் இருத்துவதும் எளிது. அவர்களிடம் கருவி இருந்தும் பற்றரி ஓய்ந்திருக்கலாம். அடுத்த முறை நகருக்குச் செல்பவர், அந்த நிறத்தாளை நினைவில் வைத்து ஒன்றை வாங்கி வந்தால், ஒரு வீட்டின் பேச்சு மீண்டும் தொடங்கும்.