தரங்கம்பாடியில் பேத்தி கேட்ட கேள்வி

காலாண்டு விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்த பேத்தி, அம்மா மண்டபம் படித்துறையில் நின்னுக்கிட்டு, "தாத்தா, இந்தத் தண்ணி எங்க போகுது?"ன்னு கேட்டாள். "பூம்புகார்ல கடலுக்கு" என்றேன். கடலைப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். பூம்புகாருக்குத் தெற்கே இருக்கிற தரங்கம்பாடிக் கோட்டையையும் காட்டிவிடலாம் என்று, மறுநாள் காலை ரயிலில் மயிலாடுதுறை போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம்.

டென்மார்க்காரர்கள் இலங்கையை நினைத்துத்தான் 1618-ல் கப்பல் ஏறினார்கள். முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்த தளபதி ஓவே கிட்டே 1620 நவம்பரில் நாயக்கரோடு ஒப்பந்தம் செய்ய, டான்ஸ்பர்க் கோட்டை எழும்பியது. மிளகு வியாபாரம்தான் நோக்கம். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-ல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஊரை விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்குள் தொல்லியல் துறை 1979-ல் அமைத்த அருங்காட்சியகத்தில் பீங்கான், வாள், பீரங்கிக் குண்டு எல்லாம் பார்த்தோம். வெளியே வந்து கடலைப் பார்த்தவள் கேட்டாள்: "தாத்தா, துறைமுகம் எங்க? கப்பல் எங்க நின்னுச்சு?"

நான் இதை யோசித்ததே இல்லை! கரையில் அலைதான் அடிக்குது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி இப்படித்தான். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது நம்மூர்ப் படகுக்காரர்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும், பிளக்காது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தில் தண்ணீர் இடுக்கு வழியே ஓடிவிடும், மூழ்காது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தப் பெயரை எழுதி வைத்தார். இன்று உலகமெங்கும் இரட்டை உடல் படகுக்கு 'கேட்டமரான்' என்றே பெயர்.

"அந்தப் படகுக்காரங்க பேரு என்ன?" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. கப்பல் தலைவன் பெயர் தெரியும், அரசன் பெயர் தெரியும். அலையைத் தாண்டி அவர்களைக் கரை சேர்த்தவன் பெயர் மட்டும் தெரியாது. 2004 சுனாமியில் இதே கரையில் அதிகம் இழந்தவர்களும் மீனவர்கள்தான்.

ஊர் திரும்பியதும் திருச்சி தெப்பக்குளம் பக்கத்தில் 1766-ல் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயத்தைக் காட்டினேன். கட்டியவர் சுவார்ட்ஸ் ஐயர், 1750-ல் கடல் கடந்து வந்து தரங்கம்பாடியில் தமிழ் படித்தவர் என்றேன்.

"அவரைப் படகுல ஏத்தி இறக்கினது யாரு தாத்தா?" என்றாள்.

நாற்பது வருஷமா வரலாறு படிக்கிறேன். இனி இந்தக் கேள்வியோடுதான் படிக்கணும்.