சக்தி நிரலாக்கச் சூழல்

சக்தி நிரலாக்கச் சூழல் என்பது சென்னை, இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த சக்தி செயலிகளுக்கு நிரல் எழுதவும், அதனை ஏற்றி இயக்கவும் பயன்படும் மென்பொருள்களின் தொகுப்பு ஆகும். 2014 இல் தொடங்கப்பட்ட சக்தித் திட்டம், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. செயலியின் வடிவமைப்பே திறமூலமாக வெளியிடப்பட்டுள்ளதால், மாணவர்கள் அதனை ஆர்ட்டி ஏ7 என்னும் சிறு பலகையில் தாமே உருவாக்கிப் பார்க்கலாம்.

பலகை

ஆர்ட்டி ஏ7 பலகையில் எஃப்பிஜிஏ வகைச் சில்லு உள்ளது. இதன் உட்சுற்றுகளைத் தயாரிப்புக்குப் பின்னரும் மாற்றியமைக்கலாம். 35டி வகைப் பலகையில் பினாகா என்னும் 32 பிட் அமைப்பும், 100டி வகையில் வஜ்ரா என்னும் 64 பிட் அமைப்பும் இயங்கும்.

அமைக்கும் முறை

பலகையில் நேரடியாக நிரல் எழுத இயலாது. உபுண்டு நிறுவிய வேறொரு கணினியில் எழுதித் தொகுத்து, யூஎஸ்பி வடம் வழியாக ஏற்றவேண்டும்.

1. விவாடோ மென்பொருளால் செயலியின் வடிவமைப்பைப் பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுதல். விவாடோ திறமூல மென்பொருள் அன்று.
2. சக்தி கருவித் தொகுப்பையும் நிரலாக்கத் தொகுப்பையும் கணினியில் நிறுவுதல்.
3. சி மொழி நிரலை ரிஸ்க்-ஃபைவ் தொகுப்பியால் இயந்திர மொழிக்கு மாற்றுதல்.
4. ஓப்பன்ஓசிடி, ஜிடிபி ஆகியவற்றின் துணையுடன் நிரலை ஏற்றி இயக்குதல்.

கவனிக்க வேண்டியவை

கணினியின் வழக்கமான தொகுப்பி, அக்கணினியின் செயலிக்குரிய கட்டளைகளையே உருவாக்கும்; அவை சக்தியில் இயங்கா. தொகுக்கும்போது பினாகா, வஜ்ரா ஆகியவற்றுள் உரிய இலக்கைக் குறிப்பிடுவதும் இன்றியமையாதது. தொடர் முனையத்தின் வேகம் நொடிக்கு 19200 பிட் என அமையாவிடில் வெளியீடு சிதைந்து தோன்றும். நிலையற்ற நினைவகத்தில் ஏற்றிய நிரல் மின்சாரம் தடைப்பட்டால் அழிந்துவிடும். நிலைத்திருக்க, அதனையும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதவேண்டும்.