உறக்க மூச்சுத்தடையும் உயர் இரத்த அழுத்தமும்

தூங்கும்போது தொண்டையில் மூச்சுப்பாதை அடைபட்டு, மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்று நின்று வருவது உறக்க மூச்சுத்தடை. மருத்துவர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்பர். உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கும் காரணங்களில் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியவற்றுள் இது ஒன்று. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஜே.என்.சி. 7 வழிகாட்டி நெறிமுறை இதனை அத்தகைய காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. மூச்சுத்தடை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் அழுத்தமும் உண்டு. அழுத்த நோயாளிகளில் 100க்கு 30 முதல் 40 பேருக்கு மூச்சுத்தடை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலேயே மாத்திரை சாப்பிட்டு வருகின்றனர்.

அளவீடு

ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதே நோயின் அளவுகோல். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால், 7 மணி நேரத் தூக்கத்தில் 210 முறை.

அழுத்தம் ஏறும் விதம்

தூக்கம் ஆழமாகும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. பாதை குறுகக் குறுகக் குறட்டை உரக்கக் கேட்கிறது. திடீரென்று சத்தம் அடங்குகிறது. மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடுகின்றன, உள்ளே காற்று போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடுகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் மூளைக்கு அபாயக்குறி அனுப்ப, பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. தூங்குபவர் நினைவே இல்லாமல் அரைவிழிப்புக்கு வந்து, பெருமூச்சுடன் திணறி மூச்சுவிடுகிறார். அந்த நொடிகளில்தான் இரத்த அழுத்தம் உச்சத்துக்குத் தாவுகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

நலமாக உள்ளவர்க்கு இரவில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். மூச்சுத்தடை உள்ள பலருக்கு இந்த இறக்கமே இருப்பதில்லை. நாளடைவில் இறுக்கம் பகலிலும் நீடிக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் தளரும் திறனை இழக்கிறது. உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோனும் பலரிடம் கூடுகிறது. படுத்தபின் கால்களில் தேங்கிய நீர் கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையை மேலும் குறுக்குகிறது. இப்படி அழுத்தத்தை வளர்க்கும் நீர்த்தேக்கமே மூச்சுத்தடையையும் வளர்க்கிறது.

ஆய்வுச் சான்றுகள்

பருத்த உடல் இரண்டு நோய்க்கும் பொதுவானது என்பதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1997இல் டொராண்டோ ஆய்வாளர்கள் நாய்களுக்குத் தூக்கத்தில் மட்டும் மூச்சுப்பாதையை அடைத்துப் பார்த்தனர். சில வாரங்களில் பகல் அழுத்தமும் ஏறியது. சோதனையை நிறுத்தியதும் இறங்கியது. ஒலி எழுப்பித் தூக்கத்தை மட்டும் கலைத்தபோது இரவு அழுத்தம் ஏறியது, பகல் அழுத்தம் ஏறவில்லை. தூக்கம் கெடுவதல்ல, மூச்சு தடைபடுவதே நிலையான அழுத்தத்துக்கு வித்து என்பதை இது காட்டியது.

மனிதரிடம் வலுவான சான்று 2000இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு. 709 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்ததில், மணிக்கு 15 முறையோ அதற்கு மேலோ தடை உள்ளவர்க்கு உயர் அழுத்தம் இருக்கும் வாய்ப்பு, தடையே இல்லாதவரைவிட 2.89 மடங்காக இருந்தது. உடல் எடை, வயது போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு கிடைத்த அளவு இது. 2001இல் கனடாவில், பல மாத்திரைகளுக்கும் கட்டுப்படாத அழுத்தம் கொண்டவர்களைச் சோதித்தபோது 83 சதவீதத்தினரிடம் மூச்சுத்தடை தென்பட்டது.

இந்தியாவில்

மும்பையில் 35 முதல் 65 வயதுள்ள ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, பகல் அசதியுடன் கூடிய மூச்சுத்தடை 7.5 சதவீதத்தினருக்கு இருப்பதைக் கண்டது. பல இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் உழைக்கும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிட்டது. வட வங்கத்தின் ஜல்பாய்குரியில் பிறந்த இசையமைப்பாளர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் உறக்க மூச்சுத்தடை. அதன் பிறகே இந்நோயின் பெயர் பல வீடுகளுக்கு எட்டியது.

கொல்கத்தாவும் பெஹாலாவும்

இரத்த அழுத்த மருத்துவ வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1931இல் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதைப் பதிவுசெய்தனர். அந்த வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், பரிவு நரம்பு முனைகளில் சேர்த்துவைக்கப்பட்டுள்ள வேதிப்பொருளைக் குறைத்து அழுத்தத்தை இறக்கியது. மூச்சுத்தடை இரவெல்லாம் தூண்டிவிடுவதும் அதே நரம்பு மண்டலத்தைத்தான். எனினும் ரெசர்பின் மூச்சுத்தடைக்கு மருந்தன்று.

நகரின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டி அமைந்த பெஹாலா, 1984இல் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட தென் புறநகர் நகராட்சியின் பகுதி. மாநகராட்சியின் வார்டு சுகாதார மையங்களிலும், வித்யாசாகர் பொது மருத்துவமனையிலும், தெருமுனை மருந்துக்கடையிலும் அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கெல்லாம் கைப்பட்டை கட்டுவது பகலில். இரவில் ஏறும் அழுத்தம் அதில் தெரியாது. வங்காளிகள் 'பாத் கூம்' எனும் மதியச் சோற்றுத் தூக்கம் இங்குப் பல வீடுகளின் வழக்கம். எட்டு மணி நேரம் இரவில் உறங்கியும் பகலில் கண் சொக்குகிறவரை, உண்ட மயக்கம் என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். நோய் மறைந்து நிற்பது அந்த இடத்தில்தான். மேல் பரிசோதனைக்கு, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்ட மெட்ரோவில் ஏறினால், நகரின் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்லும் வழி எளிதாகிறது.

கண்டறிதல்

டொராண்டோவில் உருவாகி 2008இல் வெளியான 'ஸ்டாப் பேங்' வினாப்பட்டியல் எட்டே கேள்விகள் கொண்டது: உரத்த குறட்டை உண்டா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, உயர் அழுத்தம் உண்டா, உடல் பருமனா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றாலே பரிசோதனை தேவை. காலைத் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவையும் அறிகுறிகள். ஒல்லியானவர்க்கும் தாடை சிறுத்திருந்தால் இந்நோய் வரலாம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் ஆபத்து கூடுகிறது.

உறுதி செய்வது இரவுநேரத் தூக்கப் பரிசோதனை. மூக்கின் அடியில் காற்றோட்டம் பார்க்கும் குழல், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் கவ்வி, தலையில் மூளை அலைகளைப் பதியும் கம்பிகள் எனப் பொருத்தி விடியும்வரை பதிவு செய்வர். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குச் சிறிய கருவியால் வீட்டிலேயே இதைச் செய்ய முடியும்.

சிகிச்சை

சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சி-பாப் கருவி முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையை விரிந்தபடி வைக்கிறது. இதனால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 புள்ளி (மி.மீ. பாதரசம்) இறங்குகிறது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களிடம் ஸ்பெயினில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 3.1 புள்ளி குறைந்தது. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சேவ் ஆய்வில், கருவி மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. கருவி தரப்பட்டவர்கள் அதை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. ஆகவே கருவி மாத்திரைக்கு மாற்றாகாது. இரண்டும் வேண்டும், கருவியை இரவு முழுதும் அணிய வேண்டும்.

எடை 10 சதவீதம் குறைந்தால் தடைகள் ஏறத்தாழ 26 சதவீதம் குறையும் என விஸ்கான்சின் தரவுகள் காட்டின. உப்பைக் குறைத்தலும் ஒருக்களித்துப் படுத்தலும் உதவும். மதுவும், மருத்துவர் சொல்லாமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் ஆபத்தானவை.

மூன்று மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் அடங்காதவர், குறட்டை விடுபவரானால், அடுத்த முறை மருத்துவரிடம் தனியாகப் போக வேண்டாம். பக்கத்தில் படுப்பவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் மூச்சு நிற்பதைக் கண்டவர் அவர் ஒருவரே. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் திரும்பாதீர்கள்.