பதினைந்து வாற் போதும்

பழைய குவாட் நிலைமின் ஸ்பீக்கருக்கு எந்த அம்பிளிபயர் பொருத்தம் என்று கேட்டால் நான் வரலாற்றைத்தான் சொல்வேன். 1957இல் இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீற்றர் வோக்கர் அதை விற்பனைக்கு விட்டபோது, அவருடைய வால்வு அம்பிளிபயர் குவாட் 2 தந்தது வெறும் 15 வாற். இந்த ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு இல்லை. உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்ரிக் தாள்தான் அசையும். அம்பிளிபயருக்கு அது பெரிய கப்பாசிற்றர் மாதிரி. உச்ச சுரங்களில் தடை 2 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போதும் தள்ளாடாத அம்பிளிபயர் வேண்டும்.

பின்னாளில் பெரிய ரான்சிஸ்டர் அம்பிளிபயர் பூட்டியவர்கள் பொறி பறக்கத் தாளில் ஓட்டை விழுத்தினார்கள். அது தாங்குவது ஏறக்குறைய 33 வோல்ற். 1967இல் வந்த 45 வாற் குவாட் 303 அந்த எல்லையோடு நின்றுவிடும். என் தெரிவு அதுதான். 1975இன் 100 வாற் 405ஐ, மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தாமல் பூட்டவேண்டாம். கலியாண வீட்டுச் சத்தம் இதில் வராது. பாடகரின் குரலோ, பக்கத்தில் இருந்து பாடுவது போல வரும்.