மலைநாட்டுத் தோட்டங்களில் மதமும் மணமும்

மதம் மாறுவதற்கும் பிற மதத்தவரை மணப்பதற்கும் சட்டம் வேலியிடலாமா என்னும் வினா இலங்கைக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலத்தில், சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் பெற்றவர்க்கே அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. விவாகங்கள் சபையின் ஏடுகளிலேயே பதியப்பட்டன. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென 1658இல் பறைசாற்றினர். விளைவு யாது? பதவியையும் பதிவையும் கருதி ஞானஸ்நானம் பெற்று, வீடு திரும்பியதும் பழைய தெய்வத்தையே தொழுத ஒரு பெருங்கூட்டம் உருவாயிற்று. பிரித்தானியர் வந்து 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை அகற்றினர். அதன் பின்னர் ஒவ்வொரு வகுப்பாருக்கும் அவரவர் வழமையே சட்டம் என்பது அவர்களது பொதுவான போக்காக அமைந்தது. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு அவர்தம் சமயச் சட்டம் என்று ஆயிற்று.

இவற்றுள் எதுவும் மலைநாட்டுத் தோட்டத் தமிழரைச் சாரவில்லை என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, பின்னர்த் தேயிலையோடு அட்டனிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் நிலைத்துவிட்ட அம்மக்கள், கண்டி நாட்டில் வாழ்ந்தும் கண்டியர் ஆகார். தமிழராய் இருந்தும் தேசவழமைக்கு உட்பட்டவர் ஆகார். நாட்டின் பொதுச் சட்டமும் தாம் கொண்டுவந்த வழக்கமுமே அவர்களுக்குத் துணை. லயத்து முற்றத்திலோ மாரியம்மன் கோயிலிலோ, கங்காணியும் பெரியோரும் கூடியிருக்கத் தாலி கட்டினால் மணம் முடிந்தது. பதிவுகாரரைத் தேடி மலையிறங்கிப் போக ஒருநாட் கூலியை இழக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறு பதியப்படாத மணத்தைச் சட்டம் தள்ளிவிடவில்லை. 1881இல், இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் இலண்டன் கோமறைக் கழகம் ஒரு விதியை நிலைநாட்டிற்று. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராய்க் கூடி வாழ்ந்தமை நிறுவப்பட்டால், மாறான சான்று தெளிவாகக் காட்டப்படும்வரை அவர்கள் முறையாக மணந்தவர்கள் என்றே கொள்ளவேண்டும் என்பது அவ்விதி.

தோட்டங்களிலே சமயக் கலப்புக்கும் குறைவில்லை. தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கிற்று. அதற்குத் தோட்டத்துரைமார் பலர் பணம் உதவினர். கத்தோலிக்கக் குருமாரும் மலைகளில் கோயில்கள் எழுப்பினர். ஒரே லயத்தில், ஒரு காம்பராவில் வேளாங்கண்ணி மாதா படமும் அடுத்த காம்பராவில் முருகன் படமும் தொங்கும்போது, பிள்ளைகள் மணம் பேசுவது வியப்பன்று. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இதற்குத் தடை சொல்லவில்லை. இருவரும் முஸ்லிம்களாக இருப்பின் அச்சட்டம் அவர்களைச் சாராது. மற்றெவரும், எம்மதத்தவராயினும், அதன்கீழ் மணக்கலாம். கண்டிச் சிங்களவரும் தோட்டத் தமிழரும் மணப்பதாயினும் இச்சட்டமே வழி. இந்தியாவிலோ 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாறு மணக்க விரும்பியவர், தாம் இன்ன மதங்களைச் சார்ந்தவரல்லர் என்று அறிக்கையிட வேண்டியிருந்தது. அந்த ஒப்பீட்டில் இலங்கைச் சட்டம் தாராளமானதே.

ஆயின் அதே சட்டம் வேறோரிடத்தில் மிகக் கடுமையாக நின்றது. சகோதரனின் மகளையோ சகோதரியின் மகளையோ ஒருவன் மணப்பது செல்லாது; அவ்வாறு கூடி வாழ்வதே குற்றம் என்று அது விதித்தது. மதத்தைப் பார்க்காத சட்டம் உறவைப் பார்த்தது! அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது தென்னாட்டில் பல குடிகளிடையே உரிமையாகவே கருதப்பட்டது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டமும் வழக்கத்தை முன்னிட்டு அதற்கு இடமளித்தது. மலைநாட்டிலோ அத்தகைய தம்பதியர் ஊரார் கண்ணில் கணவன் மனைவியர். சட்டத்தின் கண்ணில் எவருமல்லர். 1881ஆம் ஆண்டின் விதியும் அவர்களுக்கு உதவாது. சட்டமே விலக்கிய மணத்தை ஊகத்தால் உண்டாக்குதல் இயலாது.

இது வெறும் ஏட்டுச் சிக்கலாய் இருந்துவிடலாம், 1948உம் 1949உம் வந்திராவிட்டால். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையைத் தந்தை வழியே கணித்தது. மணத்துக்குப் புறம்பே பிறந்தவருக்குத் தாய் வழி. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவருக்கு 7 ஆண்டு இடையறாத வாசமும், மணமாகாதவருக்கும் துணையை இழந்தவருக்கும் 10 ஆண்டு வாசமும் வேண்டுமென்றது. மணமான ஆண் விண்ணப்பித்தால், மணம் நடந்த ஓராண்டுக்குள் தொடங்கி மனைவியும் இந்நாட்டில் இடையறாது வசித்திருக்க வேண்டும். மணத் தேதி எது? சான்று எங்கே? ஆகமொத்தம், கோயில் முற்றத்தில் கட்டிய தாலி அதிகாரியின் மேசைக்கு வந்தது. 1951 ஆகஸ்ட் மாதத்தில் முடிவுற்ற தவணைக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுப்புக்குக் காரணங்கள் பல. மணத்தையும் வாசத்தையும் நிறுவ இயலாமை அவற்றுள் ஒன்றாகும். எஞ்சியவர் நிலை 1964 ஒக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் போயிற்று; 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அக்கணக்கு நீண்டது.

மதமாற்றம் மணத்தைத் தொட்ட இன்னொரு வழக்கும் உண்டு. பொதுச் சட்டப்படி மணந்த கிறிஸ்தவர் ஒருவர், முதல் மணம் நிலவும்போதே இஸ்லாத்தைத் தழுவி இரண்டாவது மணம் புரிந்தார். அது குற்றமாகாது என்று 1960களின் நடுவில் கோமறைக் கழகம் தீர்த்தது. ரீட் வழக்கு என்று சட்ட நூல்கள் அதனைக் குறிக்கும். முப்பதாண்டு கழித்து, 1997இல், இலங்கை உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று: மதத்தை மாற்றிக்கொள்வதால் முன்னைய மணத்தின் கடமைகள் கழிந்துபோகா. முதல் மனைவியின் பக்கமிருந்து நோக்குவார்க்குப் பின்னைய தீர்ப்பே நேரியதாகத் தோன்றும், எனக்கும் அவ்வாறே.

மதமாற்றத்தையே நேராகத் தடுக்க முயன்றது 2004ஆம் ஆண்டின் சட்டமூலம். தமிழ்நாட்டில் 2002இல் பிறந்து 2004இல் மீளப் பெறப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஜாதிக ஹெல உறுமயவைச் சேர்ந்த ஓமல்பே சோபித தேரர் அதனைக் கொண்டுவந்தார். வன்முறையாலோ வஞ்சத்தாலோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவது குற்றம். தண்டனை 5 ஆண்டு வரை, அபராதம் 150,000 ரூபா வரை. ஆசை காட்டுதல் என்பதில் பரிசும் பணமும் மட்டுமன்றி, வேலை கொடுத்தலும் வேலையில் உயர்வு கொடுத்தலும் அடங்கின. மதம் மாறுபவர் தாமே பிரதேச செயலாளருக்கு அறிவிக்கவும் வேண்டும். ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் மருமகளாய் வருபவள் மாப்பிள்ளையின் கோயிலுக்குச் செல்லத் தொடங்குவது எந்நாளில் மதமாற்றம் ஆகிறது, அதை யார் எப்போது அறிவிப்பது? சட்டமூலத்தை எழுதியோர் அதனை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் உதவி என்ற பெயரால் ஏழைகளின் நம்பிக்கையை விலைபேசுவோர் உண்டென்னும் முறைப்பாடு முற்றும் பொய்யன்று. ஆனால் அதற்கு மருந்தாக, மனம் மாறியவன் அரசாங்க அலுவலகத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது ஒல்லாந்தரின் ஏட்டை நினைவூட்டுகிறது.

2004 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தன் முடிவை அறிவித்தது. கட்டாய மாற்றத்தைத் தடுக்கும் பகுதி திருத்தங்களுடன் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறலாம் என்றும், அறிவிப்புக் கடமையும் அதற்குரிய தண்டனையும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரங்களுக்கு முரணானவை ஆகையால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும் மக்கள் தீர்ப்பும் வேண்டுமென்றும் கூறிற்று. அச்சட்டமூலம் சட்டமாகவில்லை.