பக்கத்தில் அமர்ந்தவர்கள்: ஜாங்கோ ரெயின்ஹார்ட்டும் அவருடைய ஐவர் குழுவும்

கலை வரலாறு பெரும்பாலும் தனிப்பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஒரு காலத்திற்கு ஒரு பெயர், ஒரு கருவிக்கு ஒரு பெயர் என்று வகுத்துக்கொண்டால் எழுதுவோர்க்கும் எளிது. நினைவில் வைப்போர்க்கும் எளிது. ஐரோப்பிய ஜாஸ் இசையில் கிதார் என்றவுடன் எழும் பெயர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்னும் சிற்றூரில், வண்டி வீடுகளில் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த மனூஷ் ரோமா குடும்பத்தில் பிறந்து, 1953இல் தம் 43ஆம் வயதில் மறைந்தவர். இடக்கையின் இரண்டு விரல்கள் தீயில் முடங்கிய பின்னும், அக்கருவியில் அதுவரை கேட்டிராத விரைவையும் நயத்தையும் காட்டியவர். அவர் பெருமையில் எவர்க்கும் ஐயமில்லை.

எனினும், அவர் புகழ் உலகெங்கும் பரவக் காரணமான 1930களின் இசைத்தட்டுகளில் நாம் கேட்பது ஒருவரை அன்று, ஐவரை. ஜாங்கோ ஒரு கிதார். ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின். இன்னும் இரண்டு கிதார்கள். ஒரு பெரிய பாஸ் வயலின். முதலிருவரின் பெயர்களை இசையன்பர்கள் எல்லோரும் அறிவர். மற்ற மூவரின் பெயர்களைச் சொல்லக் கேட்டால், நெடுநாள் கேட்டுப் பழகியவர்களும் சற்றுத் தயங்குவர். நம் மரபில் பக்கவாத்தியம் என்ற அழகிய சொல் உண்டு. கச்சேரியின் நடுவே தனியாவர்த்தனம் என ஒரு பொழுதை மிருதங்கத்திற்கு ஒதுக்கிக் கொடுக்கும் நாகரிகமும் உண்டு. இக்குழுவில் இரண்டாம், மூன்றாம் கிதார்க்காரர்களுக்கு அந்தப் பொழுதுகூட வாய்த்ததில்லை எனலாம். அவர்களை அறிவது, ஜாங்கோவையே சரியாக அறிவதற்கு இன்றியமையாதது என்பது என் கருத்து.

மருத்துவமனைக்கு வந்த கிதார்

இவ்வரலாறு அரங்கத்தில் தொடங்கவில்லை. ஒரு நோயாளியின் படுக்கையருகே தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு, ஜாங்கோவின் வண்டி வீடு தீப்பற்றியது. அவருடைய மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு மலர்கள் நெருப்பைப் பன்மடங்காக்கின. காலிலும் கையிலும் கடுந்தீக்காயம். இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிச் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 18. கிதார்போல் மீட்டும் பாஞ்சோவில் நடன இசைக்குத் துணை வாசித்துப் பிழைத்து வந்த இளைஞர் அவர்.

பல மாதங்கள் நீண்ட அந்தச் சிகிச்சையின்போது அவர் கைக்கு ஒரு புதிய கிதார் வந்து சேர்ந்தது. வாங்கிக் கொடுத்தவர் தம்பி ஜோசப் ரெயின்ஹார்ட். அவரும் தேர்ந்த கிதார்க் கலைஞர். சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டையே முதன்மையாகக் கொண்டு ஒரு புதிய வாசிப்பு முறையை ஜாங்கோ அக்கருவியில்தான் உருவாக்கிக்கொண்டார். ஜோசப்பின் பெயர் இசைத்தட்டுகளில் ஏறுவதற்கு ஆறாண்டுகள் முன்னரே அவர் துணைசெய்யும் பணியைத் தொடங்கிவிட்டார் என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாமவர் வந்த கதை

1934இல் பாரிசு நகரின் கிளாரிட்ஜ் விடுதியில் லூயி வோலா என்பவரின் நடன இசைக்குழு வாசித்து வந்தது. ஜாங்கோவும் கிராப்பெல்லியும் கிதார்க்காரர் ரோஜே ஷாப்பூவும் அதில் இருந்தனர். ஓய்வு நேரமொன்றில் கிராப்பெல்லி வயலினுக்குப் புதிய தந்தி கட்டிச் சுருதி பார்க்கையில் ஒரு சிறு மெட்டை இழைத்தார். ஜாங்கோ அதைப் பற்றிக்கொண்டு கிதாரில் தொடர்ந்தார். அந்த விளையாட்டு நாள்தோறும் தொடர, ஷாப்பூவும் வோலாவும் சேர்ந்துகொண்டனர். முழக்கும் கருவி ஏதுமில்லாமல், தந்திகளால் மட்டுமே அமைந்த ஜாஸ் குழு ஒன்று இவ்வாறு மேடைக்குப் பின்னால் பிறந்தது.

அப்போது அவர்கள் நால்வரே. ஐந்தாமவர் வந்ததற்கான காரணத்தைக் கிராப்பெல்லி பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வயலின் தனித்து வாசிக்கும்போது அதன் பின்னே இரண்டு கிதார்கள் நிற்கின்றன. தாம் தனித்து வாசிக்கும்போது ஒரே ஒரு கிதார்தான் நிற்கிறது என்று ஜாங்கோ முறையிட்டாராம். அம்முறையீட்டின் விளைவாகத் தம்பி ஜோசப் குழுவில் இடம் பெற்றார்.

சிறிய செய்திதான், ஆனால் சிந்திக்கத்தக்கது. எவருடைய துணையுமின்றிப் பறக்க வல்லவர் என்று உலகம் போற்றிய கலைஞர் தமக்கு வேண்டுமென்று கேட்டது கூடுதல் புகழை அன்று, கூடுதல் துணையை. தனித்து வாசிக்க இயலாதவர் அல்லர் அவர். 1937இல் எந்தத் துணையுமின்றித் தனிக் கிதாரில் அவர் பதிவுசெய்த ‘இம்ப்ரொவிசேஷன்’ அதற்குச் சான்று. ஆயினும் நாள்தோறும் அவர் விரும்பி அமர்ந்த இடம், இரு கிதார்களுக்கு முன்னால் இருந்த நாற்காலியே.

1934 டிசம்பர் 2ஆம் நாள் இக்குழு பாரிசில் மக்கள்முன் அரங்கேறியது. ஜாஸ் ஆர்வலர்களின் சங்கமாகிய ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ் அதனைத் தன் குழுவாக ஏற்றுப் பெயர் கொடுத்தது. அம்மாத இறுதியிலேயே அல்ட்ராஃபோன் நிறுவனத்திற்காக முதல் நான்கு பாடல்களைப் பதிவு செய்தனர்.

லா போம்ப்

இனி, அந்த இரண்டு கிதார்களும் செய்த பணி யாது என்று பார்ப்போம்.

இவ்வாசிப்பு முறைக்கு ‘லா போம்ப்’ என்பது பெயர். பம்பு என்று பொருள். தண்ணீர் இறைக்கும் பம்பின் ஏறியிறங்கும் இயக்கமே உவமை. நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் ஒன்றாம், மூன்றாம் அடிகள் மந்தத் தந்திகளில் சற்றே தாழ்ந்து ஒலிக்கும். இரண்டாம், நான்காம் அடிகளில் எல்லாத் தந்திகளும் ஒருசேர ஒலித்து, ஒலித்த அக்கணமே நின்றுவிடும். நிறுத்துவது இடக்கை. தந்தியை விட்டு விலகாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஓசை வெட்டுண்டாற்போல் அடங்கும். முழவு இல்லாத குறையை அந்த வெட்டோசைதான் நிரப்பியது. அதன் அடியில் வோலாவின் பாஸ் அடித்தளம் இட்டது.

இதனை ஒருமுறை செய்வது எளிது. இடைவிடாது செய்வதுதான் கடினம். நிமிடத்திற்கு 200 அடிகள் கொண்ட விரைவான உருப்படி என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிடப் பாடலில் 600 முறை மணிக்கட்டு ஒரே சீராக இயங்க வேண்டும். ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் முன்னே வாசிப்பவரின் கால் இடறும். இருவர் சேர்ந்து மீட்டும்போது இரண்டும் ஒரு கையின் ஓசையாகக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியின் துணை அருகியிருந்த அந்நாளில் கையின் வலிமையே ஒலியின் அளவு.

கருவியிலும் இப்பங்கீடு படிந்திருந்தது. மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைக்க, செல்மர் நிறுவனம் 1932 முதல் வெளியிட்ட கிதார்களே இவர்கள் கையாண்டவை. ஓசை வெளிப்படும் வாய் அகன்ற வகை, சிறிய முட்டை வடிவ வாய் கொண்ட வகை என அவற்றில் இரண்டுண்டு. பிற்பாடு வந்த சிறுவாய்க் கருவி கூர்மையாகத் தொலைவு செல்லும் என்று ஜாங்கோ அதனைக் கைக்கொண்டார். அகல்வாய்க் கருவி துணை வாசிப்போர்க்கு உரியதாக வழக்கில் நிலைத்தது.

இத்துணை வாசிப்பு கனமாகவும் ஒரே மாதிரியாகவும் இருக்கிறது என்று குறை கண்ட விமர்சகர்களும் உண்டு. அக்குறையை முற்றாக மறுப்பதற்கில்லை. சில பாடல்களில் அது பாரமாகவே ஒலிக்கிறது. ஆயினும் கவிஞர்கள் இதை வேறு விதமாக உணரக்கூடும். வெண்பாவைப் படிப்பவன் தளையைக் கேட்பதில்லை. தளை தட்டினால்தான் கேட்கிறான். ஜாங்கோ ஓர் அடி பிந்தி நுழைந்து, இரண்டு அடிகளை ஒரே மூச்சில் கடந்து, மீண்டும் சரியான இடத்தில் வந்து நிற்கையில் நாம் வியக்கிறோம். அது பிந்தியது என்பதும் சரியாக வந்து நின்றது என்பதும் நமக்கு எவ்வாறு தெரிகின்றன? பின்னே இருவர் அசையாமல் நிற்பதனால்தான். அவர்களும் அசைந்தால் அவருடைய துணிவு நம் காதில் பிழையாகவே விழுந்திருக்கும்.

மூன்று நிமிட நீதி

இவ்விருவரும் தனித்து வாசிக்கத் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. ஜோசப் இடையிடையே குழுவை விட்டு நீங்கிய காலங்களில் அவ்விடத்தில் அமர்ந்தவர்களுள் ஃபெரே சகோதரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுள் மூத்தவரான பாரோ ஃபெரே இயற்றிய வால்ட்ஸ் மெட்டுகள் இன்றும் கிதார்க் கலைஞர்களுக்குக் கடினமான பாடங்கள். மற்றொருவரான மாத்லோ ஃபெரேயும் தன்னளவில் பெருங்கலைஞர். ஜோசப்பும் பின்னாளில் தம் பெயரிலேயே ஒலிப்பதிவுகள் செய்தார். ஆக, இவர்கள் திறமைக் குறைவால் பின்னே அமர்ந்தவர்கள் அல்லர். திறமையிருந்தும் அடங்கி வாசித்தவர்கள்.

ஏன் அவர்களுக்குத் தனிப்பொழுது கிட்டவில்லை என்பதற்கு அக்காலத்துக் கருவியியலும் ஒரு காரணம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். மெட்டை ஒருமுறை சொல்லி, கிதார் ஒரு சுற்று, வயலின் ஒரு சுற்று வாசித்து முடிப்பதற்குள் தட்டு தீர்ந்துவிடும். அச்சிட்ட வில்லையிலும் இடம் குறைவு. ஜாங்கோவின் பெயரைப் பெரிதாகவும் கிராப்பெல்லியின் பெயரை ‘உடன்’ என்ற அளவிலும் பொறித்த தட்டுகள் உண்டு. அது குறித்துக் கிராப்பெல்லிக்கே மனக்குறை இருந்தது. அவர் நிலை அதுவென்றால் மற்ற மூவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

1937 நவம்பரில் பதிவான ‘மைனர் ஸ்விங்’ இக்குழுவின் அடையாளமாகவே நிலைத்துவிட்ட உருப்படி. அதில் துணைக் கிதார்கள் ஜோசப் ரெயின்ஹார்ட், யூஜேன் வேஸ். பாஸ், லூயி வோலா. கேட்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். வயலின் முன்னே வரும் வேளையில் ஜாங்கோவே துணைக் கிதாராகி விடுகிறார். அடித்தந்திகளில் ஓர் ஓட்டம், அதிரும் ஒரு மீட்டல், வயலினை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும் ஒரு நெருக்கம் என அவர் கை ஓய்வதில்லை. அக்குழுவின் மிகச் சிறந்த பக்கவாத்தியக்காரரும் அவரே. பாஞ்சோவில் துணை வாசித்து வளர்ந்த கை அது. பின்னே அமர்வதன் அருமையை அறிந்திருந்ததால்தான் முன்னே அமர்ந்தபோது துணையைக் கேட்டுப் பெற்றார் போலும்.

இக்குழுவைப் பற்றி 1938இல் எடுக்கப்பட்ட ‘ஜாஸ் ஹாட்’ என்னும் குறும்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. படப்பிடிப்புக் கருவி ஜாங்கோவின் இரு விரல்களையே நாடுகிறது, அது இயல்பே. ஆயின், ஓரத்தில் இடைவிடாது அசையும் மணிக்கட்டுகளையும் ஒருமுறை நோக்குவோர்க்கு அந்தப் படம் வேறொரு படமாகிவிடும்.

பிரிவுக்குப் பின்

1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார்; கிராப்பெல்லி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ரோமா மக்களை நாஜிகள் இலட்சக்கணக்கில் கொன்று குவித்த ஆண்டுகள் அவை. ஆக்கிரமிக்கப்பட்ட பாரிசில் ஜாங்கோ வயலினுக்கு மாற்றாகக் கிளாரினெட்டைச் சேர்த்துக்கொண்டார், முழவையும் சேர்த்தார். தாளத்திற்கு முழவு வந்த பிறகும் துணைக் கிதாரை அவர் நீக்கவில்லை. 1940 டிசம்பரில் பதிவான புகழ்பெற்ற ‘நுவாஜ்’ பாடலில் பின்னே ஒலிக்கும் கிதார் தம்பி ஜோசப்புடையதே.

1946இல் டியூக் எலிங்டன் அழைப்பின்பேரில் ஜாங்கோ அமெரிக்கா சென்றார். தம் குழுவினர் எவரையும் உடன்கொண்டு செல்லவில்லை. எலிங்டனின் இசைக்குழு உலகின் தலைசிறந்த குழுக்களுள் ஒன்று. எனினும் அந்தப் பயணம் கலவையான வரவேற்பையே பெற்றது. அதற்குக் காரணங்கள் பல. இரண்டாம் நாள் கார்னகி அரங்கிற்கு அவர் மிகத் தாமதமாக வந்ததும் அவற்றுள் ஒன்று. ஆயினும், பழகிய கைகள் பின்னே இல்லாமையும் ஒரு குறையாகவே எனக்குத் தோன்றுகிறது. பெருங்குழுவின் நடுவே அவர் விருந்தினர். ஐவர் குழுவிலோ அவர் வீட்டில் இருந்தார்.

கிராப்பெல்லி நீண்ட ஆயுள் பெற்று 1997 வரை வாழ்ந்தார். நம் வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்துடன் இணைந்து 1984இல் ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டவர் அவரே. பியானோ, முழவு ஆகியவற்றோடு பல்லாண்டுகள் வாசித்த பிறகு, 1973இல் டிஸ் டிஸ்லி என்னும் கிதார்க் கலைஞரின் தூண்டுதலால் கிதார்களும் பாஸும் மட்டுமே பின்னிற்கும் பழைய அமைப்பிற்கு அவர் திரும்பினார். 65 வயதில் அவருக்கு இரண்டாம் புகழைத் தந்தது அந்த அமைப்பே. அன்று ஜாங்கோ கேட்டுப் பெற்றது எத்துணை மதிப்புடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மனூஷ் குடும்பங்களில் இன்றும் சிறுவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவது துணை வாசிப்பே. ஆண்டுக்கணக்கில் மாமனுக்கும் அண்ணனுக்கும் பின்னே அமர்ந்து மீட்டிய பின்னர்தான் முன்னே வரும் உரிமை கிட்டும். ஜாங்கோ தம் இறுதி நாள்களைக் கழித்த சாமுவா என்னும் ஆற்றங்கரை ஊரில் 1968 முதல் அவர் பெயரால் விழா எடுக்கத் தொடங்கினர். விழா அவர் பெயரால் நடந்தாலும், கூடுவோரில் பலரின் கைகள் செய்வது ஜோசப்பும் ஷாப்பூவும் வேஸும் செய்த வேலையைத்தான். ஒருவர் தனித்து வாசிக்க நால்வர் பின்னே மீட்டுவர். பிறகு இடம் மாறும். வரலாற்று நூல்கள் கொடுக்கத் தவறிய மரியாதையை அந்த மரபு தன் நடைமுறையிலேயே கொடுத்துவருகிறது.

ஜோசப் ரெயின்ஹார்ட் 1982இல் மறைந்தார். அவருடைய பெயர் கலைக்களஞ்சியங்களில் இன்றும் ‘ஜாங்கோவின் தம்பி’ என்றே தொடங்குகிறது. அது பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. கவிதை எழுதுவோரும் கேட்போரும் கூடிப் பத்தாண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், அடுத்த முறை ‘மைனர் ஸ்விங்’ கேட்க நேரும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: முதல்முறை ஜாங்கோவைக் கேளுங்கள், இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னே இருப்பவர்களை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது ஜாங்கோ இன்னும் உயர்ந்து தெரிவார்.