கடிதத்தால் முறிந்தது, கச்சேரியால் நிலைத்தது

1853இல் ஹானோவரில் சந்தித்தபோது யோசப் யோவாக்கிம் ஐரோப்பா கொண்டாடிய வயலின் கலைஞர். யோஹன்னஸ் பிராம்ஸ் பெயர் வெளியே தெரியாத இருபது வயது இளைஞர். இவர்களின் கடிதங்களைப் பாசத்தின் ஆவணமாகவே பலர் படிக்கிறார்கள். எனக்கு அவை ஒரு பட்டறையின் கணக்கேடாகவே படுகின்றன. 1856இல் இருவரும் எதிரிசைப் பயிற்சிகளை எழுதித் தபாலில் மாற்றிக்கொண்டார்கள். கெடு தவறியவர் அபராதம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் மற்றவர் புத்தகம் வாங்குவார். 1878 ஆகஸ்டில் பிராம்ஸ் தம் வயலின் கான்செர்ட்டோவின் தனிப்பகுதியை அனுப்பி, வாசிக்க வசதிப்படாத இடங்களைக் குறிக்கச் சொன்னார். யோவாக்கிம் தாராளமாகவே திருத்தினார். பிராம்ஸ் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனால் தனி ஆவர்த்தனம் போன்ற ‘கடென்சா’வை முழுக்க நண்பரிடமே விட்டுவிட்டார். 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக்கில் அது அரங்கேறியபோது வாசித்தவர் யோவாக்கிம், நடத்தியவர் பிராம்ஸ்.

வெறும் தொழில் உறவென்றால் 1880ஆம் ஆண்டுக் கடிதம் ஏன் அப்படிக் காயப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். மனைவி அமாலி மீது யோவாக்கிம் கொண்ட சந்தேகம் ஆதாரமற்றது என்று பிராம்ஸ் அமாலிக்கே எழுதினார். மணவிலக்கு வழக்கில் அமாலி அதை நீதிமன்றத்தில் வைத்தார். நட்பு முறிந்தது. பாசம் இருந்ததை நான் மறுக்கவில்லை. அது முறிந்த பின் எது மிஞ்சியது என்பதே கேள்வி. பேச்சை நிறுத்திய யோவாக்கிம், பிராம்ஸின் இசையை வாசிப்பதை நிறுத்தவில்லை. 1887இல் பிராம்ஸ் சமாதானம் தேடியதும் மன்னிப்புக் கடிதத்தால் அல்ல, வயலினுக்கும் செல்லோவுக்குமான இரட்டைக் கான்செர்ட்டோவால்தான். அதன் வயலின் பகுதியையும் யோவாக்கிமின் திருத்தத்துக்கே அனுப்பினார்.